காசியம்மாளின் மூன்று ஏக்கர்

போன சித்திரையில் கோடை விழாவுக்கு மலர் போடுகிறோம் என்று நாலு பேர் கரியாலூருக்கு வந்தார்கள். கையால் எழுதிய ஒரு கட்டுத் தாளை என் மேசையில் வைத்து, "டைப் பண்ணிக் குடும்மா, ஒரு வாரத்துல வேணும்" என்றார்கள். கல்வராயன் மலையின் புவியியல் எட்டுப் பக்கம். வரலாறு பதினோரு பக்கம். மக்கள் நாலு வரி. 'இம்மலைவாழ் மக்கள் எளிமையானவர்கள், வெள்ளந்தியானவர்கள். சாமையும் தேனும் இவர்களது உணவு. விருந்தினரைத் தெய்வமாக மதிப்பவர்கள்.' நாலாவது வரியில் நடனம் ஆடுகிறார்கள்.

வெள்ளந்தியாம்! எனக்கு உள்ளங்காலிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது. அருவியில் குளித்து, பிரியாணி தின்ற பொட்டலத்தைப் பாறையிலேயே எறிந்துவிட்டு, "இங்கெல்லாம் மனுசங்க எப்டிம்மா இருக்காங்க?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போகிறவர்களுக்கு நாலு வரி போதும். எனக்குப் போதாது. கொடுத்ததை அப்படியே டைப் செய்து அனுப்பிவிட்டு, எனக்குத் தெரிந்த ஒரே ஒருத்தியைப் பற்றி இதை எழுத உட்கார்ந்தேன். மலரில் இது வராது. வரவும் வேண்டாம்.

என் பெயர் டயானா. சொந்த ஊர் கீழே நைனார்பாளையம். ஆறு வருடமாகக் கரியாலூரில் இ-சேவை மையம் நடத்துகிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதியோர் பணம், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். கோபக்காரி என்று பெயர் எடுத்தவள். என் அப்பா சவரிமுத்து, "இவ வாயக் கட்டறதுக்கு இன்னும் கயிறு திரிக்கல" என்பார். ஆனால் பேச வேண்டிய ஒரு நாளில் இந்த வாய் மூடிக்கொண்டிருந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

காசியம்மாள் கடுக்காப்பட்டுக்காரி. கரியாலூரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர், அதில் கடைசி மூன்றுக்குத் தார் கிடையாது. நாற்பது வீடு. அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. ஆதார் அட்டையில் மட்டும் முப்பத்தெட்டு என்று போட்டிருந்தார்கள். பதினேழு வயதில் பக்கத்து மலையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தாள். புருஷன் அய்யப்பன். இரண்டு பேரும் சேர்ந்து, மாமனார் உழுத சரிவில் கல் பொறுக்கி, அந்தக் கல்லையே வரப்பாக அடுக்கி, மண் இறங்காமல் நிறுத்தி வைத்த இடம்தான் அந்த மூன்று ஏக்கர். மேல்பாதியில் சாமை, கீழ்ப்பாதியில் மரவள்ளி. மலையில் விளைநிலத்தைக் காடு என்றுதான் சொல்வார்கள். அது காசியம்மாள் காடு.

எட்டு வருடத்துக்கு முன் அய்யப்பனுக்குக் காய்ச்சல் கண்டது. கம்பில் துணி கட்டித் தூக்கிக்கொண்டு தார் ரோடு வரை வந்தார்கள். வண்டி வர மூன்று மணி நேரம் ஆனது. ரோட்டோரத்திலேயே போய்விட்டான். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவள் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போனாள். திரும்பி வந்தபோது, "எவனோ மலையில ஏறி எறங்கறதுக்கு என் மலையிலயே ஏறி எறங்கிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மண் கொத்தும் கொத்தைக் கையில் எடுத்தாள். மகள் செவ்வந்தி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். கூப்பிட்டாலும் இவள் போவதில்லை.

வரலாறு பதினோரு பக்கம் எழுதினார்களே, அதில் இது இல்லை. அய்யப்பனின் அப்பா காலத்தில் மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. ஏருக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு என்று தானியமும் உடம்பு வேலையும் கொடுத்தார்கள். எழுபதுகளின் நடுவில் மலை அரசாங்கத்துக்கு வந்தது. கொடுப்பது நின்றது, நல்லதுதான். ஆனால் வரைபடத்தில் கோடு போட்டபோது, உழுதுகொண்டிருந்தவனைக் கேட்காமல் போட்டார்கள். அந்தச் சரிவு முழுக்க வனத்துக்குள் போய்விட்டது. காசியம்மாள் சொந்த வியர்வையில் நின்றுகொண்டு காகிதத்தில் ஆக்கிரமிப்பாளர் ஆனாள்.

தலைமுறையாக உழுகிறவர்களுக்கு உரிமைப் பட்டா கொடுக்கலாம் என்று சட்டம் வந்தது. கடுக்காப்பட்டில் இருபத்தாறு குடும்பத்துக்கு நான்தான் மனு ஏற்றினேன். இருபத்தைந்து பேருடைய காட்டை அதிகாரிகள் மாசி மாதம் வந்து பார்த்தார்கள். அவர்களுக்கெல்லாம் பட்டா வந்துவிட்டது. காசியம்மாளுக்கு மட்டும் ஆதாரில் வயது இடித்தது. அதைத் திருத்தி முடிப்பதற்குள் ஆவணி ஆகிவிட்டது. பட்டா இல்லை என்றால் அடுத்த மழைக்கு அந்த மூன்று ஏக்கரிலும் குழி எடுத்து மரக்கன்று நடுவார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

ஆவணியில் அவள் காட்டைப் பார்க்க மூன்று அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். எழுதுவதற்கு ஆள் வரவில்லை என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். சாமை முழங்கால் உயரம் நின்றது. வந்தவர்களில் பெரியவர் வரப்பில் நின்றபடி கேட்டார்.

"இது யாரு நெலம்மா?"

காசியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "என்னுது இல்லீங்க. சாமிதுங்க."

"உன்னுது இல்லியா?"

"இப்ப இல்லீங்க."

அவர் என் பக்கம் திரும்பிச் சொல்லச் சொல்ல நான் அட்டையில் வைத்து எழுதினேன். எல்லை, பரப்பு, பயிர், கடைசியில் ஒரு வரி: 'மேற்படி நிலம் தனக்கு உரியதல்ல என மனுதாரர் ஒப்புக்கொண்டார்.' பேனா ஒரு நொடி நின்றது. சத்தியமாக நின்றது. சார், இவங்க வேற என்னமோ சொல்ல வராங்க என்று நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. டிரைவர் ஹாரன் அடித்தான். தாள் நனைகிறது என்ற கவலைதான் எனக்கு. எழுதினேன். மைப் பெட்டியைத் திறந்து, அவள் கட்டைவிரலைப் பிடித்து, நானே அழுத்தி எடுத்தேன். படித்துக் காட்டவில்லை.

தை மாதம் 'நிராகரிக்கப்பட்டது' என்று கடிதம் வந்தது. நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கடுக்காப்பட்டுக்குப் போய், அவள் வாசலில் நின்று கத்தினேன்.

"உனக்குப் புத்தி கித்தி இருக்குதாக்கா? முப்பத்தாறு வருசம் மாடு மாதிரி பாடுபட்டுட்டு, கேக்கறப்ப என்னுது இல்லன்னு சொல்றியே!"

அவள் மரவள்ளிக் குச்சி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"வெதச்ச நாள்லேர்ந்து புதுச்சாம துன்ற வரைக்கும் காடு சாமிது. அதுக்குள்ள என்னுதுன்னு வாயத் தொறந்தா, அப்ப நீயே காத்துக்கோன்னு சாமி எறங்கிப் பூடும். மழயும் பூடும். பன்னிதான் வரும். இங்க எந்த வூட்டுலயும் சொல்ல மாட்டாங்க. மாசில வந்து கேட்டுருந்தா நூறு தபா சொல்லியிருப்பேன்."

"அத அந்தாளு கிட்ட சொல்லித் தொலைக்கிறதுதானே?"

"அவரு கேட்டாரா? நீ கேட்டியா? நீதான எழுதிக்கினு நின்ன?"

அத்தனை வருடம் அந்த மலையில் சோறு தின்றிருக்கிறேன். புதுச்சாமைப் பண்டிகைக்குப் போய் உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கிறேன். அது எதற்கு என்று ஒருத்தரையும் கேட்டதில்லை.

மாசியில் மேல்முறையீடு எழுதினேன். எந்த ஊர் அலுவலகம் என்று சொல்லமாட்டேன். அங்கே நல்லவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சங்கடம் வேண்டாம். மனுவை வாங்கிய எழுத்தர் படித்துவிட்டுச் சிரித்தார். "சாமிதுன்னு சொன்னாங்களா? அப்ப சாமி பேருக்கே பட்டா போட்டுடலாமா?" என்று பக்கத்து மேசையைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்கு அந்த மேசையைத் தூக்கிக் கவிழ்க்கலாம் போலிருந்தது.

"சார், அவங்க இதோ வந்திருக்காங்க. இப்ப காட்டுல பயிர் இல்ல. இப்பவே கேளுங்க, சொல்லுவாங்க" என்றேன்.

"இப்ப சொல்லி இன்னா பிரயோசனம்? மனுல நீங்க ஆயிரம் எழுதுவீங்க. அவங்க வாயால சொன்னது ஃபைல்ல இருக்கு. விசாரணை அன்னிக்கு அய்யா முன்னாடி வாயால மாத்திச் சொல்லணும்."

மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி. ஐந்து மாதம் காடு சும்மா கிடந்தது. ஒரு தேதியும் வரவில்லை. ஆடியில் அவள் விதைத்தாள். ஐப்பசியில், சாமை பால் பிடித்து நிற்கும்போது, நவம்பர் நாலாம் தேதி விசாரணை என்று நோட்டீஸ் வந்தது. புதுச்சாமை பதினாறாம் தேதி என்று ஊர்க்கவுண்டர் பச்சமுத்து அதற்கு முன்பே நாள் குறித்திருந்தார். நான் அலுவலகத்துக்குப் போன் போட்டு, ஒரு இரண்டு வாரம் தள்ளி வையுங்கள் என்று கெஞ்சினேன். நான், கெஞ்சினேன்! "தேதியெல்லாம் மாத்த முடியாதும்மா, மேலேர்ந்து வந்தது" என்று வைத்துவிட்டார்கள். பச்சமுத்துவிடம் போய்ப் பண்டிகையை முன்னால் வைக்கச் சொன்னேன். "சாம வெளையாத எத்தப் படைக்கிறது? உங்க ஆபீசுக்கோசரம் கதிரு முத்துமா?" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

காசியம்மாளிடம் வந்து, "ஒரே ஒரு சொல்லுக்கா. சாமி உன்ன மன்னிக்கும்" என்றேன்.

"நீ வேதக்காரப் பொண்ணு. என் சாமி இன்னா செய்யும்னு உனக்கு இன்னா தெரியும்? பேசாத போ" என்று விரட்டிவிட்டாள்.

நாலாம் தேதி காலை ஆறு மணிக்கு அவளை அழைத்துப்போக ஊருக்குள் நுழைந்தேன். நாற்பது வீட்டு ஜனமும் வாசலில் நின்றது. காசியம்மாள் வீட்டுப் பக்கமிருந்து உலக்கைச் சத்தம் வந்துகொண்டிருந்தது. பண்டிகைக்கு முன் அந்த ஊரில் புதுச்சாமையில் உலக்கை விழாது. பாதிப் பச்சையாக நின்ற கதிரில் ஒரு கை அறுத்து, சட்டியில் வறுத்து, குத்திப் புடைத்து, பொங்கி வைத்திருந்தாள். ஒரு இலையில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டு முனையில் இருக்கும் சாமிக்கல் முன்னால் வைத்தாள். மீதியை நின்றபடியே வாயில் போட்டு மென்றாள். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மென்று விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"துன்னுட்டேன். இனிமே சொல்லலாம். வா."

பச்சமுத்து வழியில் நின்றார். "ஊருக்கு முன்னாடி நீ துன்னுட்ட. இந்த வருசம் உனக்குப் பந்தில எடம் இல்ல. அறுப்புக்கும் ஆளு வராது, தெரியுமில்ல?"

"தெரிஞ்சுதான் துன்னேன்" என்று அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

ஸ்கூட்டியில் கரியாலூர், அங்கிருந்து பஸ்ஸில் கீழே. வளைவுக்கு வளைவு அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பத்து மணிக்கு அலுவலக நடைபாதையில் உட்கார்ந்தோம். பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. ஒன்றே முக்காலுக்கு அந்தக் கண்ணடித்த எழுத்தர் வெளியே வந்தார்.

"அய்யா மந்திரி வர்ற விழாவுக்கு ஏற்பாடு பாக்கப் போயிட்டாரு. இன்னிக்கு விசாரண கெடயாது. இருபதாம் தேதி வாங்க."

இருபதாம் தேதி! பதினாறுக்குப் புதுச்சாமை. அதிலிருந்து நாலு நாள் கழித்து இவள் வாய் நிறையச் சொல்லியிருப்பாள், ஒரு மயிரும் போயிருக்காது. நான் கேட்டபோது மாற்ற முடியாத தேதி, பந்தல் கால் நடுவதைப் பார்க்கப் போனபோது மட்டும் தானாக மாறிவிட்டது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "ஏம்மா, ஆபீஸ்ல சத்தம் போடக் கூடாது" என்றார் எழுத்தர். இன்னும் போட்டேன்.

காசியம்மாள் என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். பிறகு அவள் எழுந்தாள். நடைபாதை நடுவில் நின்று, மலையில் ஒரு சரிவிலிருந்து எதிர்ச் சரிவில் இருப்பவரைக் கூப்பிடுவார்களே, அந்தக் குரலில் சொன்னாள்.

"கடுக்காப்பட்டு காசியம்மா நானு. கல்லு வரப்புப் போட்ட மூணு ஏக்கரு என் காடு. என்னுது. யாராச்சும் எழுதிக்கோங்க. எழுதற வரைக்கும் நான் போவ மாட்டேன்."

கடைசியில் ராதிகா என்று நான் பெயர் மாற்றிச் சொல்லும் கண்காணிப்பாளர் அறைக்குள்ளிருந்து வந்தார். நான் சொன்ன நல்லவர்கள் இரண்டு பேரில் ஒருவர். என்ன நடந்தது என்று கேட்டார். காசியம்மாள் உலக்கைச் சத்தம் வரைக்கும் சொன்னாள். ராதிகா உட்கார்ந்து கோப்பில் எழுதினார்: மனுதாரர் இன்று நேரில் ஆஜராகி, மேற்படி நிலம் தன்னுடையது என்று வாய்மொழியாகத் தெரிவித்தார். தேதி, நேரம், கையெழுத்து, முத்திரை. நானும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். முதல் வாக்குமூலம் என் கையெழுத்து, மனுதாரருக்கு நான் அதைப் படித்துக் காட்டவில்லை, ரேகையை எடுத்ததும் நான்தான் என்று மைய எண்ணோடு எழுதினேன். "இதனால உங்க மையத்துக்கு நோட்டீஸ் வரும்மா" என்றார் ராதிகா. வரட்டும் என்றேன். வந்தது.

ஊர் சொன்னபடியே செய்தது. ஒருவர் காட்டில் எல்லாரும் இறங்கி அறுப்பதுதான் அங்கே வழக்கம். அவள் காட்டில் யாரும் இறங்கவில்லை. கைப்பிடி கைப்பிடியாகத் தனியாகவே அறுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானும் போய் அறுத்தேன்; என் அறுப்பைப் பார்த்து அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. பாதி முடிவதற்குள் பன்றி புகுந்து கால் ஏக்கருக்கு மேல் உழுது போட்டுவிட்டது. பச்சமுத்து நாலு ஆண்களோடு வந்து வரப்பில் நின்று பார்த்தார். "நாங்க சொல்லல?" என்றார்.

காசியம்மாள் அரிவாளோடு நிமிர்ந்தாள். "பூந்துச்சுதான். யாரு காட்டுல பூந்துச்சு? என் காட்டுல. உன்னுதுல இல்லியே! என் காடு, என் நட்டம். போயி வேலயப் பாருங்க."

பதினாறாம் தேதி ஊர் பந்தியில் உட்கார்ந்தபோது அவள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். அன்று எனக்கும் இலை போட்டார்கள். என்னால் சாப்பிட முடியவில்லை.

இருபதாம் தேதி அதிகாரி இருந்தார். முகத்தில் கடுமை எதுவும் இல்லை. கோப்பைப் புரட்டாமலே, "சொல்லுங்கம்மா, அந்த நெலம் யாரோடது?" என்று தன்மையாகத்தான் கேட்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. இனி எந்தத் தடையும் இல்லை, ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

காசியம்மாள் வாயைத் திறக்கவில்லை. நான் இடித்தேன். "சொல்லுக்கா."

"நாலாந்தேதியே சொல்லிட்டேன்."

"எங்கிட்ட சொல்லணும்மா" என்றார் அதிகாரி.

"நான் சொல்ல வந்தன்னிக்கி நீ இல்ல." அவள் 'ங்க' போடவில்லை. "அத்தச் சொல்றதுக்கோசரம் என் சாமிகிட்டயும் பொல்லாப்பு, ஊருலயும் பொல்லாப்பு. ஒரு வருசத்து ஊர்ச்சோறு பூட்ச்சு. நீ வர்றப்ப ஒரு தபா, போறப்ப ஒரு தபா சொல்லிக்கினு இருக்க என்கிட்ட இன்னும் இன்னா மிச்சம் இருக்குது? அதுல எழுதி வெச்சிருக்குது. படிச்சவன்தான நீ, படி."

எழுத்தர் வாயைத் திறந்தார். அதற்குள் ராதிகா கோப்பில் அந்தப் பக்கத்தைப் பிரித்து அதிகாரி முன்னால் வைத்துவிட்டார். அவர் படித்தார். என் தாளையும் படித்தார். மறுபடி முதல் பக்கத்துக்குப் போய்ப் பழைய வாக்குமூலத்தைப் படித்தார். காது சிவந்துவிட்டது. எழுத்தரைக் கூப்பிட்டு, நிராகரிப்பு ரத்து, மனுதாரர் அனுபவம் உறுதி, பட்டாவுக்குப் பரிந்துரை என்று சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டரில் மூன்று பக்கம் அடித்து எடுத்தார்கள். அந்தப் பட்டா இதை எழுதும் இன்றுவரை கைக்கு வரவில்லை. அது வேறு சண்டை, போய்க்கொண்டிருக்கிறது. அன்றைக்கு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

எழுத்தர் கடைசிப் பக்கத்தை மட்டும் மேலே மடித்து, மைப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். "இங்க வைம்மா, சீக்கிரம்."

காசியம்மாள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பினாள்.

"நீ படி பொண்ணு."

"நல்லதாத்தான்க்கா எழுதியிருக்காங்க."

"மொதல்லேர்ந்து படி."

நின்றபடியே படித்தேன். எண், தேதி, பொருள், பார்வை என்று ஒன்றையும் விடவில்லை. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியில் நிறுத்தி, இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே அடுத்த மனுக்காரர்கள் கதவைத் திறந்து திறந்து மூடினார்கள். அதற்காகவும் அவள் என்னை நிறுத்த விடவில்லை. மூன்று பக்கமும் முடிந்த பிறகுதான் கட்டைவிரலை நீட்டினாள். நான் பிடிக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டு அவளே வைத்தாள்.